தலைமடை

அணையில் தண்ணீர் திறந்தாயிற்று. வாய்க்கால் முட்ட ஓடுகிறது. ஆனாலும் ஒரு வயல்கூட நனையவில்லை. தலைமடை வயல் பாய்ந்த பிறகுதான் கீழே உள்ளவர்கள் பாய்ச்ச வேண்டும். அதுவும் அந்த வயல்காரர்தான் முதல் மடை வெட்ட வேண்டும். அந்த ஊர்க்கட்டு அப்படி. தலைமடை வயல் சசிகலாவுடையது. வழக்கமாக மடை வெட்டும் அவள் கணவன் குப்புராஜ் இப்போது இல்லை.

போன மாதம் அணை மதகில் சிக்கியிருந்த வேலமரத்தை இழுத்துப்போட முங்கியவர், அதோடு சரி. அரூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்துதான் உடம்பை எடுத்தார்கள். ஊரே அழுதது, சசிகலா அழவில்லை. கருமாதி முடிந்தும் அழவில்லை. அதையும் ஒரு குறையாகப் பேச நாலு பேர் இல்லாமலா போவார்கள்? அவளுக்கு அந்தப் பேச்சும் உறைக்கவில்லை, சோறும் ருசிக்கவில்லை.

காலையில் அடுத்த வயல்காரர் நஞ்சப்பன் வாசலில் வந்து நின்றார். குப்புராஜுக்குப் பங்காளி.

"ஏம்மா சசிகலா, கேக்கவே வாய் கூசுது. நாத்தெல்லாம் காயுது. நீ ஒரு வார்த்த சொன்னீன்னா நானே மடைய வெட்டி வுட்டுர்றேன்."

"வேணாங்க மாமா. நானே வர்றேன்."

மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நஞ்சப்பனும் கூடவே போனார். மடையை வெட்டினாள். முதல் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வது வழக்கம். நஞ்சப்பன் அள்ளிவிட்டார், அப்புறம் அவளைப் பார்த்துக் கையை உதறினார்.

"தெளிச்சுக்குங்க மாமா. தண்ணி மேல எனக்கென்ன கோவம்?"

கோபம் வந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. எதுவும் வரவில்லை. அவரைக் கொண்டுபோன தண்ணீர் கணுக்காலில் சில்லென்று பட்டது, அவ்வளவுதான்.

நஞ்சப்பன் தன் வயலுக்கு இறங்கிப் போனார். சசிகலா மண்வெட்டியை அங்கேயே குத்திவிட்டு வயலின் கடைக்கோடிக்குப் போய் நின்றாள். எப்போதும் அப்படித்தான். மடையில் குப்புராஜ், கோடியில் இவள். தண்ணீர் வந்து சேர்ந்ததும் இவள் குரல் கொடுப்பாள், அவர் அடைப்பார்.

வெடித்துக் கிடந்த மண்ணை நனைத்து நனைத்துத் தண்ணீர் மெதுவாகக் கோடிக்கு வந்தது.

"எட்டிருச்சுங்க! மடைய அடைச்சுடுங்க!"

கத்திவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். மடையில் மண்வெட்டி மட்டும் நின்றது.

கீழ் வயலில் நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சசிகலா இன்னொரு தரம் கூப்பிட வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. தண்ணீர் வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே மடையை அடைக்க நடந்தாள்.