அரிசி டிரம்மில் நிலாக்காரர்

முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன், விரல் நுனியில் அரிசியின் குளிர்ச்சி, அதற்கும் கீழே இன்னொரு குளிர்ச்சி, அது தங்கம், நிலாவுக்குப் போய்வந்தவர்களுக்கு விருந்து வைத்து நினைவாகக் கொடுத்த வாட்ச், அதிலொன்று பெரம்பூரில் இருபத்தைந்து கிலோ பொன்னிக்கு அடியில் கிடக்கிறது என்று காலேஜில் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை, பொய்க்குப் பேர்போனவன் உண்மை சொன்னால் அப்படித்தான், வாட்ச் சிங்காரவேலு மாமாவுடையது, அம்மாவின் தம்பி, அவர் வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன், டூரிஸ்ட் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் அந்த வெளிநாட்டு விண்வெளிக்காரரை மாமல்லபுரத்துக்கு ஏற்றிப்போனார், நிலா வரைக்கும் போனவருக்குத் திருப்போரூர் வளைவு தாங்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார், மாமா வண்டியை ஓரங்கட்டி, திருஷ்டிக்காக வண்டி முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, மிளகாயை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மோந்து பாருங்க சார் என்று கொடுத்தார், அவர் மோந்துகொண்டே சிற்பங்களைப் பார்த்தார், மோந்துகொண்டே திரும்பினார், மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தன் வாட்ச்சைக் கழற்றி மாமாவின் கையில் கட்டினார், வாணாம் சார் வாணாம் சார்னு சொல்றேன், அந்தாளு பக்கிள மாட்டிட்டுத்தான் விட்டாரு, இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொள்கிறார்.

மறுநாள் சாயங்காலம் நாலு பதினெட்டுக்கு அது நின்றது, சாவி கொடுக்க வேண்டிய வாட்ச், யாரும் கொடுக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான், ஆனால் மாமா, அவரு நிலாவுல கால் வெச்ச நேரம்டா, அதான் அதுலயே நிக்குது என்று முடிவுகட்டிவிட்டார், அன்றிலிருந்து இந்த வீட்டில் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் ரத்து, பால் காய்ச்சியது நாலு பதினெட்டுக்கு, மாமா மகள் தாமரைக்குக் காது குத்தியது நாலு பதினெட்டுக்கு, என் காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்து நாலு பதினெட்டுக்கு, வச்சலா அத்தை மட்டும், வாந்தி எடுத்த நேரத்தையும் குறிச்சு வெச்சிருக்கலாம் இல்ல, அதுல எதுவும் பண்ணாம இருக்கலாம் என்பாள், ஆனால் ஈரம் படாமல் அரிசிக்குள் வைத்தவளும் அவள்தான், திருடன் வந்தால் பீரோவைத்தான் பார்ப்பான், சோத்துல எவன் கை வெப்பான் என்று.

தாமரையின் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை கையில் கட்டணும், எடுத்தாடா என்று மாமா என்னை அனுப்பினார், அரிசி மாவைத் துடைக்கும்போது சும்மா இருக்கத் தெரியாத விரல் பக்கவாட்டுக் குமிழைத் திருகிவிட்டது, முப்பது வருஷம் நின்ற நிலா டிக் டிக் என்று கிளம்பிவிட்டது, முள்ளை நாலு பதினெட்டுக்கே திருப்பி வைத்தேன், கொஞ்சம்கூட மரியாதை இல்லாமல் நாலு பத்தொன்பதுக்குப் போனது, சம்பந்தி வீட்டார் முன்னால் மாமா அதை வாங்கிக் காதில் வைத்தார், வைத்தவர் எடுக்கவில்லை, இன்னாடா இது, ஓடுது, தானா ஓடுது, அப்ப மனுசன் எங்கியோ நல்லா இருக்காருடா என்றார், கண் கலங்கியிருந்தது, நான்தான் மாமா என்ற சொல் தொண்டை வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியது, மாப்பிள்ளை நீட்டிய கை நீட்டியபடி இருக்க வாட்ச் மறுபடி அரிசிக்கே போனது. அன்றைக்கே போனில் தேடினேன், நிலாக்காரர் போன வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார், தொண்ணூற்றிரண்டு வயது.

அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது, மாமா டீக்கடைக்குப் போகிற காலை நேரம் பார்த்துத் தினமும் அரிசிக்குள் கை விட்டுச் சாவி கொடுக்கிறேன், சாயங்காலம் மாமா எடுத்துக் காதில் வைத்து, ம், நல்லா இருக்காரு என்கிறார், செத்துப்போனவரை நான் ஒரு நாளைக்கு இருபது திருகு திருகி உயிரோடு வைத்திருக்கிறேன், சில சமயம் கனவா நினைப்பா தெரியவில்லை, வெள்ளை உடுப்பில் அவர் அரிசியின் மேல் எடையில்லாமல் மிதக்கிறார், கையில் அதே எலுமிச்சம்பழம், தம்பி, திருப்போரூர் தாண்டிடுச்சா என்று சுத்தமான பெரம்பூர்த் தமிழில் கேட்கிறார், தாண்டிடுச்சு சார், நீங்க தூங்குங்க என்கிறேன்.

காலேஜில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள், நாலு நாள், சாவி ஒன்றரை நாள்தான் தாங்கும், திரும்புகிற ரயிலில் எல்லோரும் பாட்டுப் பாட, நான் இழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் போட்டுவிட்டு நேரே டிரம்முக்குத்தான் வந்தேன், முழங்கை வரை அரிசி, விரல் நுனியில் குளிர்ச்சி, அதற்கும் கீழே இன்னொரு குளிர்ச்சி, அது துடிக்கிறது, டிக் டிக், குமிழைத் திருகிப் பார்க்கிறேன், அசையவில்லை, சாவி முழுசாக ஏறியிருக்கிறது, யாரோ இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள், கூடத்தில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், நிமிராமலே, இன்னாடா, நல்லா இருக்காரா என்று கேட்கிறார், நல்லா இருக்காரு மாமா என்கிறேன், சரி, கையத் தட்டிட்டு வா, உங்கத்தை பாத்தா திட்டுவா என்கிறார், முழங்கை வரை வெள்ளையாக இருக்கும் கையால் பேப்பரைத் திருப்பியபடி.