ஒரு சொட்டுப் பசை

நடுவீட்டில் மாமனாரின் மையித்தைக் கிடத்த இடம் வேண்டும் என்றார்கள். ஃபஹ்மிதா தரையில் கிடந்த பலகைக் கட்டுகளை வாரிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். ஒரு கட்டுக்கு ஏழு துண்டுகள். ஒன்றின் வெட்டில் இன்னொன்றைச் செருகினால் மேசைவிளக்கு. பிரித்து அடுக்கினால் ஒரு சேலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். நாலு மாதமாக அவள் வெட்டிப் பார்த்த மாதிரிகள் பத்தொன்பது. தூக்கித் தர வந்தவர்களை வேண்டாம் என்றுவிட்டு, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். நின்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாமனார் அசன் மைதீன் காலை எட்டு மணிக்கு, பாதி இட்லியில், போய்விட்டார். முப்பது வருஷம் லாரிகளுக்கு பெயின்ட் அடித்த மனிதர். கடைசி இரண்டு வருஷம் தாளிப்பு வாசனைகூட ஆகவில்லை. போன நோன்பில் ஃபஹ்மிதா ஒரு மாதிரிக்குப் பசை தடவிய அன்று, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பினார். அதன் பிறகு அவள் பசையைத் தொடவில்லை.

பசை இல்லாமல் விளக்கை நிற்கவைப்பதுதான் பாடு. பலகைக்குப் பலகை தடிமன் மயிரிழை மாறும். வெட்டு இளகி விளக்கு தலையாட்டும். ஐந்நூறு ரூபாய்க்குள் விளக்கு கேட்ட மதுரைக் கடைக்காரர், மூட்டுக்கு ஒரு சொட்டுப் பசை வைத்தால் தீர்ந்தது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். காய நேரம் பிடிக்கும், வாங்குகிறவர்கள் கையெல்லாம் பூசிக்கொள்வார்கள் என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தாள். மாமாவைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. மாமாவிடமும் காரணத்தைச் சொன்னதில்லை.

கடைசிக் கட்டை வைத்துவிட்டு இறங்கியபோது மையித்தின் தலைமாட்டில் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். ஃபஹ்மிதா விறுவிறுவென்று போய் அதைப் பிடுங்கி, வாசல் மண்ணில் குத்தி அணைத்தாள். திரும்பியபோது பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் சுபைதா பேகம் அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போனாள். திட்டப்போகிறாள் என்று ஃபஹ்மிதா நினைத்தாள். சுபைதா பைய, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன வாரம் வாப்பா எங்கிட்ட சொன்னாவ. மருமவ எனக்காவத்தான் பசைய வீட்டுக்குள்ள கொண்டாரமாட்டேங்கா. மாடில ஒரு கட்டிலப் போடச் சொல்லு, நான் அங்கன கெடந்துக்கிடுதேன், அவ பொழப்பு கெடக்கூடாதுன்னு. படி ஏற முடியாத மனுசனுக்கு மாடில என்ன கட்டிலுன்னுட்டு, நாந்தான் உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

ஃபஹ்மிதா குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மோந்தாள். குடிக்காமல் மறுபடி குடத்திலேயே ஊற்றினாள்.

மாலை அசர் தொழுகைக்குப் பின் ஆண்கள் மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் கலிமாச் சத்தம் தேயும்வரை வாசலில் நின்றவள், மாடிக்குப் போனாள். போன் அடித்தது. மதுரைக்காரர். மாதிரியை இன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தாளே என்றார். வீட்டில் மவுத்து என்றதும் பதறி வருத்தம் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, இந்தத் தடவையாவது ஒரு சொட்டு வைத்து அனுப்பும்மா என்றார். பசை வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார். நாலு மாதமாக வாய்க்கு வந்த காரணங்களில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"பத்து நாள் தாங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நிக்க வைக்கேன்."

பத்து நாள்தான், அதற்கு மேல் வேறு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அலி அஸ்கர் மையவாடியில் அடக்கம் முடித்து வந்ததும் மனைவியைத் தேடி மாடிக்கு வந்தான். அவள் ஒரு துண்டின் வெட்டோரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கீறல் விட்டால் பலகை கொஞ்சம் விரிந்து கொடுக்கும், தானே கவ்விப் பிடிக்கும் என்று தோன்றியிருந்தது. போனில் பேசியதைச் சொன்னாள். அவன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"இனி ஒட்டிக்கிடலாம்லா, ஃபஹ்மி," என்றான். அவளுக்குச் சுமை குறையட்டும் என்றுதான் சொன்னான்.

அவள் சிறிய ரம்பத்தை எடுத்தாள். பலகை ஆடியது. அவன் மறுமுனையைத் தன் முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். கைலியில் ஒட்டியிருந்த மையவாடிச் செம்மண் ஒரு சிட்டிகை உதிர்ந்து வெட்டுக்குள் விழுந்தது.

அவள் அதை ஊதிவிடவில்லை.