கை காட்டுகிறவர்

ராபியா இருசப்பனின் கோப்பில் எழுதியது இதுதான்: 'விடியற்காலையில் மணல்மேட்டில் ஏறி நிற்கிறார். கடலைப் பார்த்துக் கையசைக்கிறார். தோளில் இருக்கும் துண்டை எடுத்து வீசுகிறார். எதிரில் யாரும் இல்லை. கேட்டால் பதில் சொல்வதில்லை.' எழுதிவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டாள். பதினோரு வருஷ அனுபவம் உள்ள கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஜெரோம் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கப்புறம் மூன்று வாரம் இருசப்பன் மணல்மேட்டுப் பக்கமே போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், கை நடுங்கியது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். காப்பகத்தில் எல்லாரும் அவர் நன்றாகத் தேறி வருகிறார் என்று சந்தோஷப்பட்டார்கள். என்ன சொல்ல!

நெம்மேலிக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது அந்தக் காப்பகம். வீடு வாசல் இல்லாமல் தெருவில் கிடந்தவர்கள், மனநோயாலும் குடியாலும் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டவர்கள், இருபத்திரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ராபியா பொறுப்பாளர். திருப்போரூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மீனைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது குழம்புக்குள் வந்து விழுந்த பிறகுதான்.

இருசப்பன் கடப்பாக்கம் பக்கத்துக் குப்பத்து ஆள், ஐம்பது தாண்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் தண்டவாளத்தோடு பேசிக்கொண்டிருந்தவரை ராபியாதான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர் காதுக்குள் ஒரு குரல் இருந்தது. தண்ணிக்குள்ள நடந்து போ, நடந்து போ என்று அதட்டிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் குடித்தார். குடிக்கக் குடிக்க அது இன்னும் சத்தமாகப் பேசியது. காப்பகத்துக்கு வந்த இரண்டாவது மாதம் குடியை விட்டார், விட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. மாத்திரையில் குரலும் அநேகமாக அடங்கியிருந்தது.

மாத்திரையைக் கூட்டி மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி ரத்னா முதல் தடவையாகப் பார்க்க வந்தாள். மீன் கூடைக்காரி. வீட்டை விட்டு அவரைத் துரத்தியதும் அவள்தான், அதை ஒளிக்கவும் இல்லை. புருஷன் சுவரோரம் வாயில் எச்சில் வடிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"இன்னா மேடம் இது? குடிச்சினு கெடக்க சொல்லகூட இப்டி இல்லியே?"

"கடலைப் பார்த்து யார்கூடயோ பேசிக்கினு இருந்தாரும்மா. துண்டு வீசறாரு, வலது பக்கம் கை நீட்டறாரு, அப்புறம் தொப்புனு உட்கார்ந்துக்கறாரு. அதான் டாக்டரு மாத்திரய ஏத்தினாரு."

ரத்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ராபியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது வேல மேடம்! அந்த ஆளு கை காட்றவரு. பெரிய வலை போடசொல்ல மேட்டுல நின்னுகினு, மீன் கூட்டம் எங்க வருதுன்னு தண்ணி நெறத்தப் பாத்து, போட்டுக்காரனுக்கு சைகை காட்டுவாரு. வலது பக்கம் துண்டு வீசினா அந்தாண்ட போ. உக்காந்தா, போதும், வலைய வளைச்சிக்கினு கரைக்கு வான்னு அர்த்தம். முப்பது வருசமா பண்ற வேல, மீனப் பாத்தா போட்டு இல்லாட்டியும் கை தானா எழும்பும். அத்தப் போயி பைத்தியம்னு எழுதிட்டியே!"

ராபியாவுக்குத் தலையில் யாரோ ஓங்கிக் குட்டியது போல இருந்தது. யா அல்லாஹ், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குப்பத்து ஆள் யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு அவள் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். "நானும் அவரையே கேட்டிருக்கணும்" என்றார் அவர். அளவை மெதுவாகக் குறைக்கலாம், ஆனால் நிறுத்தவே கூடாது. கை காட்டியது வேலை என்றாலும் குரல் நிஜமான வியாதி, என்றைக்கு வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும் என்றார்.

ராபியா நேராக இருசப்பன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, நான் தப்பா எழுதிட்டேன். நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

இருசப்பன் நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "நானே அப்டித்தான் நெனச்சேன் மேடம். இல்லாத குரலு கேக்குது. அப்ப நான் பாக்கற மீனும் இல்லாத மீனோ இன்னாவோ. யாருக்குத் தெரியும்?"

அதைக் கேட்டபோதுதான் ராபியாவுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. இந்த மனுஷனுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. காப்பகத்தில் சோறு போடலாம், மாத்திரை கொடுக்கலாம். அந்த நம்பிக்கையை எந்த மருந்துக்கடையில் வாங்குவது?

ஒரு மாதத்தில் கை நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது. ராபியா ரத்னாவைக் கூட்டிக்கொண்டு, பெரிய வலைக்குச் சொந்தக்காரனான லோகுவைப் பார்க்க அவர்கள் குப்பத்துக்குப் போனாள். லோகு இருசப்பனுக்குச் சித்தப்பா மகன். பேச்சை எடுத்ததுமே எகிறினான்.

"இன்னா மேடம், டமாசு பண்றியா? போன வருசம் ஃபுல் போதையில மேட்டுல ஏறி கை காட்டிச்சு அண்ணாத்த. அத்த நம்பி வலை போட்டோம். கடலுக்குள்ள கெடக்கற இடிஞ்ச கோட்டைக் கல்லு மேல போட்டு வலை நார் நாராப் பூட்ச்சு. முப்பது குடும்பம் ஒரு மாசம் சும்மா உக்காந்துச்சு. தெரியுமா ஒனக்கு?"

"அவரு போனப்புறம் ஒன் வலையில இன்னா விழுந்துச்சு?" என்றாள் ரத்னா. "நண்டும் குப்பையும். நான்தான கூடையில தூக்கிக்கினு போறேன், எனுக்குத் தெரியாதா?"

லோகு தலையைச் சொறிந்தான். அது உண்மை. கடைசியில், "ஒரே ஒரு காலைல" என்றான். "வலை காலியா வந்துச்சுன்னு வையி, அப்பால அந்த ஆளு இந்தக் கரைப் பக்கமே தல காட்டக் கூடாது."

அந்த வியாழக்கிழமை காலையில் குப்பத்துக் கரை முழுக்கக் கூட்டம். கயிறு இழுக்க முப்பது பேர், வேடிக்கை பார்க்க நாற்பது பேர். வலையை ஏற்றிக்கொண்டு பைபர் படகு அலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. இருசப்பன் அங்கிருந்த மணல்மேட்டில் ஏறினார். "நீயும் வா மேடம்" என்று கூப்பிட்டதால் ராபியாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னாப்பா, மீனுக்குப் போன் போட்டாரா?" என்றான் ஒருத்தன். ராபியாவுக்குக் கொதித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திடீரென்று தெற்கே தண்ணீரில் பெரிய கருப்பு ஒன்று தெரிந்தது. ராபியாவுக்கே தெரிந்தது. கரையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "அதோ கீது! அண்ணாத்த, துண்ட வீசு!" என்று லோகு தொண்டை கிழியக் கத்தினான்.

இருசப்பனுக்கு நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், அது வந்துட்ச்சு" என்றார். "காதுல. 'வீசு, வீசு'ன்னுது. லோகு மாதிரியே கத்துது."

ராபியா கீழே எட்டிப் பார்த்தாள். கீழே எழுபது பேர், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன், எல்லாரும் ஒரே பக்கம். மீனைப் பற்றி அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் குரல் கேட்கிறவர்களோடு பதினோரு வருஷம் இருந்திருக்கிறாள்.

"அது சொல்றத வுடுங்கண்ணே. ஒங்க கண்ணு இன்னா சொல்லுது?"

இருசப்பன் கண்ணைச் சுருக்கினார். வெகுநேரம் பார்த்தார். "மீன் இல்லன்னுது."

"அப்ப கண்ணு பேச்சைக் கேளுங்க."

அவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். லோகு கெட்ட வார்த்தையில் திட்டினான். நாலு பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்தக் கருப்பு மெல்லக் கரையை நோக்கி வந்தது. வந்தது, அலையைத் தாண்டியது, மணலில் ஏறியது, கத்திக்கொண்டிருந்த அத்தனை பேர் தலைமேலும் நிழலாகக் கடந்து கரைக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டது. அண்ணாந்து பார்த்தால் ஒரு மேகம்.

கத்தியவர்கள் ஒவ்வொருவராக மணலில் உட்கார்ந்தார்கள். ராபியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இருசப்பன் சிரிக்கவில்லை. அவர் வேலையில் இருந்தார்.

இன்னும் அரை மணி போயிருக்கும். ராபியாவுக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைப் பார்த்து அவர் உடம்பு விறைத்தது. "தண்ணி செவக்குது பாரு" என்றார். எங்கே சிவக்கிறது? அவளுக்கு எல்லாம் ஒரே நீலம். துண்டு தோளிலிருந்து பறந்தது. வடக்கே ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு. படகு சீறிக்கொண்டு கிளம்பியது. "இன்னும் போ, இன்னும் போ, அப்டியே வளை!" கையும் காலும் தோளும் சேர்ந்து பேசின. வலை அரைவட்டமாகக் கடலில் இறங்க இறங்க அவர் மேட்டின் விளிம்புக்கே போய்விட்டார். பிறகு சட்டென்று தொப்பென உட்கார்ந்தார்.

கோப்பில் அவள் வியாதி என்று எழுதிய அதே தொப். ராபியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேட்டிலிருந்து ஓடி இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இழுத்தார்கள், இழுத்தார்கள், கயிறு வரமாட்டேன் என்றது. "கல்லுல மாட்டிக்கிச்சு!" என்று ஒருத்தன் அலறினான். லோகு முகம் வெளுத்துப்போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையைத் தொட்டுப் பார்த்தான். திரும்பினான். "கல்லு இல்லடா! மீனுடா! பாவிங்களா, இழுங்கடா!"

நெத்திலியும் கானாங்கத்தையும் வலையின் மடி நிறையத் துள்ளிக்கொண்டு மணலுக்கு வந்தன. அந்தச் சத்தம் மழை கொட்டுவது போல இருந்தது. பெண்கள் கூடையோடு ஓடினார்கள். ராபியாவின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து எரிந்தன, அவளோ யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். யாரென்று பார்த்தால் லோகு.

ஆனால் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது, அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மீன்பாடு நன்றாக இருந்தால் வலைக்காரன் எல்லாருக்கும் சரக்கு ஊற்றுவான். கை காட்டியவர் முதல் வாய் குடிக்காமல் வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது. லோகு பிளாஸ்டிக் டம்ளரை நிறைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து இருசப்பன் முன்னால் நின்றான். கண்ணில் தண்ணீர். "அண்ணாத்த, வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மனசுல வெச்சிக்காத. இந்தா."

ராபியாவுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்தாள். ரத்னா அவள் கையைக் கப்பென்று பிடித்தாள். "நீ போவாத மேடம். இன்னைக்கு நீ தடுப்ப. நாளைக்கு யாரு தடுப்பா?" சொல்லிவிட்டு அவளும் அந்த டம்ளரையே பார்த்தாள்.

இருசப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டார். வாசனை மூக்கில் ஏறியிருக்க வேண்டும், ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். முப்பது பேர் காலி டம்ளரோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"லோகு" என்றார். "இத்த நான் குடிச்சா ஒனக்கு இன்னைக்கு ஒரு அண்ணன் கெடைப்பான். நாளைக்குக் கண்ணு கெடைக்காது. எத்த எடுத்துக்கற?"

லோகு விழித்தான். "அப்ப வழக்கம் இன்னா ஆவறது? இவனுங்கள்லாம் காஞ்சிபூடுவானுங்களே!"

"மொத வாய் நான் குடிக்கணும். அதான வழக்கம்? எத்தக் குடிக்கணும்னு எவன் சொன்னான்?" சரக்கை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கரையில் கேனோடு நின்ற டீக்காரம்மாவைப் பார்த்துக் கூவினார். "பூங்கொடி! ஒரு டீ ஊத்து. சக்கர தூக்கலா."

டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்தது. இருசப்பன் அவசரமே படாமல் ஊதினார். முப்பது பேரும் கையில் டம்ளரோடு, அவர் ஊதி முடிக்கட்டும் என்று மணலில் வரிசையாக நின்றார்கள். அந்தக் கரையில் அப்படி ஒரு மரியாதையை எந்த ராஜாவும் வாங்கியிருக்க மாட்டான்.

"நாளைக்கு எப்ப வர்ற அண்ணாத்த?" என்று பக்குவமாகக் கேட்டான் லோகு. "காப்பகம் அம்மாந்தூரத்துல கீதே."

இருசப்பன் ராபியாவைப் பார்த்தார். ராபியா வாயைத் திறப்பதற்குள் ரத்னா கூடையைக் கீழே வைத்தாள்.

"காப்பகத்துலருந்து ஏன் வரணும்? வூட்லருந்து நடந்து வருவாரு. ஆறு மணிக்கு மாத்தர, நான் குடுக்கறேன். முழுங்கினாரான்னு நாக்கத் தூக்கிப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

ஆண்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். இருசப்பனும் சிரித்தார். ஊர் நடுவில் மாத்திரை என்ற பேச்சு வந்ததற்காக அவர் தலை குனியவில்லை.

"ஏய், கையெழுத்து இல்லாம எப்டி அனுப்பறது? டாக்டரு பாக்கணும், வாரம் ஒரு தபா நான் வருவேன், ராத்திரி மாத்தர வேற கீது" என்று ராபியா என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஒழுகியதில் ஒரு வார்த்தையும் சரியாக வெளியே வரவில்லை. ரத்னா முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

இருசப்பன் டம்ளரை உயர்த்தி முதல் வாய் உறிஞ்சினார். கரையே கத்தியது. பூங்கொடியிடம் இன்னும் நாலு பேர் டீ கேட்டார்கள்.