நூற்றுப் பன்னிரண்டாம் எண்

விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்தும் கொளஞ்சிநாதனுக்கு இந்த வருடம்தான் பெரிய அரங்கும் திரையும் கிடைத்தன. மூன்று பிரிவுகளைச் சேர்த்து நூற்றெண்பத்து நான்கு பேர். பாடத்துக்கு நடுவே திரையில் கேள்வி வரும். பிள்ளைகள் செல்போனில் விடையை அமுக்குவார்கள். வருகைப் பதிவும் அதிலேயே ஏறிவிடும். இருபது வருடம் தூக்க மாத்திரையாகச் சேவை செய்த மனிதருக்கு, பச்சைக் கோடுகள் துள்ளி எழுவதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

திரையில் பெயர் வராது, எண் மட்டும்தான். அதிலும் எண் 112. எப்போதும் முதல் விடை, சரியான விடை. அந்த எண்ணுக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துப் படம் படமாகப் பாடம் தயாரித்தார்.

முதல்வர் தேவநாதனை வற்புறுத்தி ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வந்தார். பரிசாக, '112' என்று எழுதிச் சுட்ட பீங்கான் குவளை ஒன்றும் தயார்.

"நூத்திப் பன்னெண்டு! தம்பியோ, பாப்பாவோ, மேடைக்கு வாங்க!"

யாரும் எழவில்லை.

"வெக்கம் சார்," என்றார் முதல்வரிடம். "அட வாங்க, முழுங்கிட மாட்டேன்!"

நான்காம் வரிசையில் பூர்ணிமா செல்போனோடு எழுந்தாள். "சார், அது மஹிரா. லைன்ல இருக்குது. அவுங்க அம்மாவ புதுச்சேரி ஆஸ்பத்திரில சேத்து ரெண்டு மாசம் ஆவுது, இவதான் கூட இருக்கா. அத்தா துபாய்ல இருக்காங்க. நான் போனைப் போட்டு வச்சிடுவேன், அவ கேட்டுக்கிட்டே அங்கேருந்து அமுக்குவா."

"குடுத்து வச்சவ! சாரைப் பாக்காமயே பாடம்!" என்றது பின்வரிசைக் குரல். அரங்கமே சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை.

அன்று மாலையே மஹிராவின் இரண்டு மாத வருகை நீக்கப்பட்டது. வருகை போதாமல் இந்த வருடம் தேர்வு எழுத முடியாது. கொளஞ்சிநாதன் முதல்வர் அறைக்கு ஓடினார்.

"சார், உள்ள உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர்கூட அவ மாதிரி கேக்கல."

"கேட்டதுக்கு இல்லைங்க வருகை, வந்ததுக்கு. நான் பாட்டுக்கு என் ரூம்ல கெடந்தேன். இழுத்துட்டுப் போயி காட்டுனது யாரு?"

கொளஞ்சிநாதன் வெளியே வந்து மஹிராவைச் செல்போனில் அழைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. என் தப்பு."

"பரவால்ல சார். டி.சி. வாங்க எப்ப வரணும்?"

"அது எதுக்கும்மா? அடுத்த வருஷம் எழுதலாமே."

"பரீட்ச இல்லன்னா படிப்பு எதுக்குன்னுட்டாங்க அத்தா." ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் பெயரையோ கூப்பிடும் சத்தம். "டி.சி. வாங்கற வரைக்கும் பூர்ணிமா போனைப் போட்டா கேட்டுக்கலாமா சார்? விடை அமுக்க மாட்டேன்."

"அவ போடக் கூடாதும்மா. நான் போடறேன்."

மறுநாள் தன் செல்போனிலிருந்தே அவளை அழைத்து, மேசைமேல் வைத்தார். இத்தனை நாளும் அவள் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படங்களை விட்டுவிட்டு, மற்றவர்கள் கொட்டாவி விட விட, அந்தச் செல்போனுக்கே பாடம் நடத்தினார். நான்கு நாள் அப்படி நடந்தது. ஐந்தாம் நாள் மஹிரா வந்து டி.சி. வாங்கிப் போனாள்.