வாழைநாரில் நின்ற முடிச்சு

கல்லூரி அனுப்பிய நைலான் நூலை இளையபெருமாள் கும்பகோணம் கூரியர் கடையில் வாங்கிக்கொண்டு திருவிடைமருதூர் வந்து சேர்ந்தபோது, மகளின் தேர்வுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. ஊரடங்கில் கூரியர் வீடு தேடி வருவதில்லை. மருத்துவ மாணவி கனிமொழி அதுவரை தையல் பழகியதெல்லாம் வீட்டிலிருந்ததை வைத்துத்தான். தோலுக்கு வாழைப்பட்டை, நூலுக்கு நனைத்த வாழைநார்.

இன்று தேறினால் திங்கட்கிழமை முதல் தஞ்சாவூரில் காயம் தைக்கும் அறையில் வேலை. தேறாவிட்டால் அடுத்த அணியோடு. அது எப்போது என்று கல்லூரிக்கே தெரியாது.

போன் திரையில், தேர்வு நடத்தும் டாக்டர் தஹ்மீனா வந்தார். முகக்கவசம் அழுத்திய கோடு கன்னத்தில் இன்னும் சிவந்திருந்தது.

"ஆரம்பி கனிமொழி. எனக்கு வார்டு காத்திருக்கு."

இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே ஒரு கம்பு. தண்ணீர் நிரப்பிய தூக்குவாளியை முக்காலிமேல் வைத்து, அதன் கைப்பிடியைக் கம்போடு நூலால் கட்ட வேண்டும். பிறகு முக்காலியை எடுத்துவிட்டால் வாளியைத் தாங்குவது முடிச்சு மட்டும்தான்.

கனிமொழி கட்டினாள். அம்மா அம்சம் முக்காலியை இழுத்தாள். வாளி ஒரு கணம் தொங்கியது. முடிச்சு மெதுவாக நழுவியது, பிறகு மொத்தமாக அவிழ்ந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

"போச்சுடி, வாளி நெளிஞ்சிருச்சு!"

"யாரது?"

"அம்மா மேடம்."

"வாளி அவங்க கால்மேல விழலையே? சரி, இவ்வளவு நாளா எதுல கட்டிப் பார்த்தே?"

"வாழைநார்ல மேடம். நனைச்சு. ஒண்ணுகூட அவிழ்ந்ததில்லை."

"எப்படி அவிழும்? பூ கட்டுற நார் அது!"

முழு முடிச்சு என்பது இரண்டு பாதி முடிச்சுகள். இரண்டாவது, முதலாவதற்கு எதிர்த்திசையில் விழ வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெரிக்கும். இரண்டும் ஒரே திசையில் விழுந்தால் பார்வைக்கு முடிச்சு, பாரம் ஏறினால் வழுக்கும். ஈரநார் தட்டையானது, சொரசொரப்பானது. தப்பான முடிச்சையும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நைலான் வழவழப்பானது, வளைத்தாலும் நிமிரப் பார்ப்பது. அது எந்தத் தப்பையும் பொறுக்காது.

கனிமொழி அவிழ்ந்த நூலை எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் நின்ற முடிச்சுகளில் சரியானவை எத்தனை?

வாளியை நிரப்பி முக்காலிமேல் வைத்து மறுபடி கட்டினாள். இம்முறை ஒவ்வொரு பாதிக்கும் கையைத் திசை மாற்றினாள், மேலே இன்னும் இரண்டு போட்டாள். அம்சம் முக்காலியை இழுத்தாள். வாளி நின்றது.

"பாஸ். திங்கட்கிழமை வந்துரு."

"மேடம்... ஒண்ணு அவிழ்ந்துச்சு, ஒண்ணு நின்னுச்சு. இதுல எது என் கைப்பழக்கம்னு எனக்கே தெரியலை."

தஹ்மீனா வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெட்டிட்டு இன்னொண்ணு கட்டு. பார்த்துட்டுதான் போவேன்."

மூன்றாவதும் நின்றது. நான்காவதும்.

"திங்கட்கிழமை நான் பக்கத்துல நிப்பேன். நான் சொல்ற வரைக்கும் நீ தனியா யாரையும் தொடக் கூடாது. சரியா?"

"சரி மேடம்."

அழைப்பு முடிந்தது. தொங்கும் வாளிக்கு அடியில் ஏந்திய கையைக் கனிமொழி இன்னும் எடுக்கவில்லை.