சாயத் தண்ணீர் பாய்ந்த கீரை

யுத்தம் வந்து நூல் வரத்து குறைந்ததிலிருந்து சேலம் குகையில் பாதித் தறிகள் ஓய்ந்துவிட்டன. நெசவுக்குப் பாவு நூலை நீட்டும் பொது இடமான பாவடி வெறுமனே கிடந்தது. பசி பொறுக்காத தெருப் பெண்கள் அதில் ஒரு பக்கத்தைக் கொத்திக் கீரை விதைத்தார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கு முதல் பிடி என்று பேச்சு.

அன்று விடிந்ததும் அங்காளம்மாள் ஒரு பிடி பறித்து, பிள்ளை பெற்றிருந்த சுப்பம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு மறுபடி பாவடிக்கு வந்தாள். பாத்தியோரம் கிழநெசவாளி சண்முகவேல் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்.

"கெணறு வத்திப் போச்சு அங்கா. செடி வாடுதேன்னு நேத்தும் நாந்தான் நாலு கொடம் ஊத்துனேன்."

"கெணறு வத்திப் போச்சுன்னா, ஏது தண்ணிங்க மாமா?"

"தொட்டி கழுவுன தண்ணிதான்."

பாவுக்குப் போட்டு மீந்த கஞ்சியைச் செடிக்கு ஊற்றுவது அங்கே வழக்கம். ஆனால் அவர் கழுவியது கஞ்சித் தொட்டியை அல்ல, சாயத் தொட்டியை. அங்காளம்மாள் மண்ணைக் கிளறினாள். வேரடியில் சிவப்பு ஊறியிருந்தது.

"சாயத்துல கையப் பொசுக்குற காரமெல்லாம் போடுவீங்களே மாமா."

"நூலுக்கு ஆவுறது செடிக்கு ஆவாதான்னு நெனச்சுட்டேன்." என்றார் அவர்.

அவள் சுப்பம்மாள் வீட்டுக்கு ஓடினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சுப்பம்மாள் நிமிர்ந்தாள். "அந்தக் கீரைங்களா அக்கா? முத்தாயம்மா ஊட்டுல ரெண்டு நாளா ஒலை வெக்கலியாம். அதுக்குக் குடுத்துட்டேன்."

நல்ல மனசு ஒவ்வொன்றும் அந்தக் கீரையை அடுத்த வீட்டுக்குத் தள்ளியிருந்தது. அங்காளம்மாள் முத்தாயம்மாள் வீட்டுக்கு விரைந்தாள். சந்தின் கடைசி வீட்டை எட்டியபோது சட்டி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. முத்தாயம்மாளின் நான்கு வயது மகள் உண்ணாமலை கிண்ணத்தில் கீரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அங்காளம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "எத்தன வாய் குடிச்சா?"

"ரெண்டு, மூணு இருக்கும். ஏனுங்க அக்கா?"

விஷயத்தைக் கேட்ட முத்தாயம்மாள் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சண்முகவேல், பால்காரர் வீட்டில் கெஞ்சி ஒரு செம்பு மோர் வாங்கி வந்தார். குழந்தை அதைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிற்று. அது தூக்கமா, மயக்கமா? அங்காளம்மாள் அதன் வயிற்றில் கையை வைத்தபடி மாரியம்மனை நினைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஏறி இறங்குவதை மூவரும் பார்த்தார்கள். வெயில் முற்றத்தில் மெல்ல நகர்ந்தது.

"நாந்தான் குடிச்சிருக்கோணும்" என்றார் கிழவர், வாசலில் குந்தியபடி.

"கெடுக்கோணும்னா ஊத்துனீங்க?" என்றாள் முத்தாயம்மாள், மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே. "வெயில்ல குந்தாதீங்க. உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உச்சி சாய்ந்த பிறகு உண்ணாமலை புரண்டு படுத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, பசிக்குது."

ஒரு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று மகளை வாரி எடுத்து, "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றாள்.

தன் வீட்டுக் கூழை எடுத்துவர அங்காளம்மாள் எழுந்தாள். அதற்குள் சண்முகவேல் செம்பைத் தூக்கிக்கொண்டு பால்காரர் வீட்டை நோக்கித் தெருவில் பாதி தூரம் போயிருந்தார்.