ஒன்பதரை மணி போட்டோ

எங்கள் அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு டீச்சராக நான் ஒருத்தி, சமையலுக்கு ஒச்சம்மா ஒருத்தி. உசிலம்பட்டி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். பிள்ளைகளை எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதையெல்லாம் போனில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். நடுவில் பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கேதான். வீட்டில் நானும் நாலு வயது மகள் பவதாரிணியும் மட்டும். அவளும் என் சென்டரில்தான் படிக்கிறாள். வாசல்படி ஏறினால் என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும், அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று பழக்கி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் மற்ற பிள்ளைகளும் அம்மா அம்மா என்று மேலே விழுவார்கள்.

போன ஆடியில் மதுரையிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வேனில் வந்தார்கள். ஆளுக்கொரு பிரஷ், ஒரு பெட்டி பேஸ்ட், சுவரில் மாட்ட ஒரு ஸ்டாண்டு எல்லாம் கொடுத்தார்கள். தினமும் பிள்ளைகள் பல் துலக்குகிற போட்டோ ஒன்று காலை ஒன்பதரைக்குள் எல்லா சென்டரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அவ்வளவுதான் என்று சொல்வதற்கு அவர்களுக்கென்ன, வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். குழாயடியில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். ஒருவன் பேஸ்ட்டை முழுங்கினான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் பிரஷைக் கடித்துத் துப்பினாள். சட்டையெல்லாம் ஈரம். பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டது என்று இரண்டு தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். எல்லாம் முடியப் பத்தேகால் ஆனது. மற்ற சென்டர் போட்டோவெல்லாம் வந்துவிட்டது, உன்னுடையது எங்கே என்று சூப்பர்வைசர் மேடம் போன் போட்டுக் கேட்டார்.

இரண்டாவது வாரம் முதலில் போட்டோவை எடுத்துவிட்டு அப்புறம் துலக்க வைத்தேன். மூன்றாவது வாரம் போட்டோ எடுத்ததும், சரி போய் உட்காருங்கள் என்றேன். அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக வந்து பிரஷை எடுப்பார்கள், வாயில் வைப்பார்கள், ஈ என்று காட்டுவார்கள். போன் கிளிக் என்றதும் பிரஷைத் திரும்ப ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் தொடுவதே இல்லை. என்றைக்கோ வைத்த பேஸ்ட் காய்ந்து பிரஷிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். போட்டோவில் அது நன்றாகவே தெரியும். பேஸ்ட்டும் மிச்சம் என்றாள் ஒச்சம்மா. பதினோரு மணிக்கு வெல்லம் போட்ட சத்துமாவு உருண்டை கொடுப்போம். அதைத் தின்றுவிட்டு அப்படியே படுத்துத் தூங்குவார்கள்.

அந்த வரிசையில் முன்னால் நிற்பவள் என் மகள்தான். அவளைப் போல ஈ காட்ட ஆளில்லை. சிறந்த சென்டர் என்று குரூப்பில் இரண்டு தடவை எங்கள் போட்டோவைப் போட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டிலும் நான் அவளுக்குப் பல் துலக்கிவிடவில்லை. காலையில் அவளோடு மல்லுக்கு நிற்க என்னிடம் தெம்பில்லை. எப்படியும் சென்டரில் துலக்கத்தானே போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நடத்துகிறவளே நான்தான். தெரிந்தும் தினமும் அப்படித்தான் நினைத்தேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் எழுந்தபோது வலது கன்னம் வீங்கியிருந்தது. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று அழுதாள். ஒச்சம்மாவிடம் சென்டரை விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே பல் டாக்டர் அப்சானா என்று ஒரு சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாயில் ஒரு பல் உள்ளே சீழ் பிடித்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். பக்கத்தில் இரண்டு பல் சொத்தை விழத் தொடங்கியிருக்கிறது. இனிமேலாவது ஒழுங்காகத் துலக்கினால் அவற்றைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் அவையும் போய்விடும் என்றார். பிறகு, தினமும் பல் துலக்குகிறாளா என்று கேட்டார்.

"எங்க சென்டர்லயே தினம் வெளக்குறாங்க மேடம். நான்தான் அங்க டீச்சர்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். போனை எடுத்துப் போட்டோக்களை வேறு தள்ளித் தள்ளிக் காட்டினேன். ஆறு மாதப் போட்டோ. டாக்டர் நாலைந்து படம் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு புது பிரஷை எடுத்துத் தாரிணி கையில் கொடுத்து, எப்படி வெளக்குவ, காட்டு பாப்போம் என்றார்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி நேராக நின்றாள். வீங்கின கன்னத்தோடு பிரஷை வாயில் வைத்தாள். ஈ என்று காட்டினாள். கை அசையவே இல்லை. வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, அப்போதும் சிரிப்பை விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "போட்டோ எடுங்க டீச்சர்" என்றாள்.

அம்மா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் பிள்ளை என்னை டீச்சர் என்றாள். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தானாகத் துலக்கக் கை வராது, பெரியவர்கள்தான் வாயைத் திறக்கச் சொல்லித் துலக்கிவிட வேண்டும், காலையில் இரண்டு நிமிடம், படுக்கும் முன் இரண்டு நிமிடம் என்று மட்டும் சொன்னார். பல்லை எடுக்கும்போது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனேன். காய்ந்த பிரஷையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, முதல் நாளே திருமங்கலத்தில் வாங்கி வைத்திருந்த புது பிரஷை ஸ்டாண்டில் மாட்டினேன். பாயை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக மடியில் தலை வைக்கச் சொன்னேன். ஒச்சம்மா குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாய் கொப்பளிக்க வைத்தாள். ஒருவன் என் விரலைக் கடித்தான். ஒருத்தி என் சேலையில் துப்பினாள். பத்தரை மணி ஆகியும் ஒன்பது பிள்ளைகள்தான் முடிந்திருந்தது. இடுப்பு விட்டுப்போனது.

போன் அடித்தது. சூப்பர்வைசர் மேடம். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"இன்னைக்குப் போட்டோ இல்ல மேடம். பல்லு வெளக்கிவிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அப்படியென்றால் இத்தனை நாளாக என்ன செய்தாய் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆபீஸிலிருந்து விளக்கம் எழுதிக் கேட்பார்கள். எழுதிக் கொடுத்துவிடலாம், எனக்கு இருக்கிற அசதியில் அதற்கெல்லாம் பயப்படக்கூடத் தெம்பில்லை.

கடைசியாகத் தாரிணி வந்தாள். பல் எடுத்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. மடியில் தலையை வைத்துப் படுத்ததுமே ஈ என்று காட்டினாள். கண் என் கையில் போனைத் தேடியது.

"போட்டோ இல்ல தாரிணி. ஆன்னு தெற. அம்மா வெளக்கிவிடுறேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அம்மா என்று நான் சொன்னதும் கொஞ்சம் விழித்தாள். நான் ஆ காட்டினேன். ஒச்சம்மா ஆ காட்டினாள். முடிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் அவளைப் பார்த்து ஆ என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல், ஆறு மாதமாக நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சிரித்துக்கொண்டு கிடந்தாள்.